எரிச்சல் எத்தனை நேரம் தங்குகிறது?

தமிழ்நாட்டு நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி ஒரு சிறிய அறிவிப்பு வரும். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று சொல்லி, ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதைப் படித்த வீட்டில் மறுநாள் விடிந்ததும் மோட்டார் ஓடி மேல்தொட்டி நிரம்பிவிடும். சட்னி எட்டரை மணிக்குள் அரைபட்டுவிடும். செல்போன்கள் எல்லாம் சார்ஜ் ஏறியிருக்கும். ஐந்து மணி நேரம் ஃபேன் சுற்றாது, சட்டை நனைய வியர்க்கும். ஆனாலும் யாரும் பெரிதாகச் சலித்துக்கொள்வதில்லை. அதே வீட்டில் வேறொரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் இருபது நிமிடம் கரண்ட் போகட்டும். வாசலுக்கு ஓடி எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும், மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போடுவதும், எப்போது வரும், எப்போது வரும் என்று புழுங்குவதுமாக அந்த இருபது நிமிடம் நீண்டுகொண்டே போகும்.

இரண்டு நாளிலும் வெயில் ஒன்றுதான். சொல்லப்போனால் முதல் நாள் பட்ட அவதிதான் அதிகம். பிறகு ஏன் இரண்டாவது நாள் மட்டும் அப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது? அன்றாடத்தின் சின்னத் தொல்லைகளையும் மாற்றங்களையும் நல்ல மனத்தோடு எதிர்கொள்ளச் சொல்லும் அறிவுரைகள் நம்மைச் சுற்றி நிறைய. அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. எரிச்சல் எங்கே பிறக்கிறது, எதனால் நீள்கிறது என்று தெரியாமல் 'நல்லதையே நினை' என்று சொன்னால் பயன் குறைவு. சில சமயம் அதனால் தீங்கும் உண்டு.

2016-இல் லண்டனின் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆர்ச்சி டி பெர்க்கரும் அவருடைய குழுவினரும் 45 பேரைக் கணினி முன் உட்கார வைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் பாறை ஒன்று தோன்றும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் சுருக்கென்று வலிக்கும்படி மின்னதிர்ச்சி பாயும். எந்தப் பாறையில் பாம்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஆட ஆடப் பிடிபடும். பிடிபட்ட பிறகு அந்தக் கணக்கும் மாறிவிடும். ஆடியவர்களின் வியர்வையையும் கண்பாவை விரிவதையும் கருவிகள் அளந்துகொண்டே இருந்தன. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது மன அழுத்தம் உச்சத்துக்குப் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அளவுகள் வேறு மாதிரி வந்தன. வலிக்கலாம், வலிக்காமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் அழுத்தம் உச்சம் தொட்டது. வலி உறுதி என்று தெரிந்த நேரத்தில் உடல் அதைவிட அமைதியாக இருந்தது.

அறிவிக்கப்பட்ட மின்தடையில் ஐந்து மணி நேரத் துன்பம் உண்டு, ஐயம் இல்லை. திடீர் மின்தடையில் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பாறையைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அடியில் மூளையின் ஒரு பழக்கம் இருக்கிறது. மூளை வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை, அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது. நரம்பியலாளர் வால்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒரு விளக்கு எரிந்து சிறிது நேரத்தில் வாயில் பழச்சாறு சொட்டும் என்று குரங்கு பழகிவிடுகிறது. பிறகு ஒருநாள் விளக்கு மட்டும் எரிகிறது, பழச்சாறு வரவில்லை. மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் தம் வழக்கமான துடிப்பைச் சட்டென்று குறைத்துக்கொள்கின்றன. அதுவும் சரியாக எப்போது? பழச்சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில். கெட்டது எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டியது நடக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இல்லாமையையே மூளை ஓர் இழப்பாகப் பதிவு செய்கிறது. ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மாண்டேகும் சேர்ந்து 1997-இல் எழுதிய கட்டுரை, மூளையைப் பற்றிய நம் புரிதலையே திருப்பிப் போட்டது.

சுவிட்சைத் தட்டியும் விளக்கு எரியாதபோதும், எட்டு மணிப் பேருந்து எட்டேகாலாகியும் வராதபோதும், வங்கிச் செயலி திடீரென்று புதுக் கோலத்தில் வந்து பழைய பொத்தானை எங்கோ ஒளித்து வைத்திருக்கும்போதும் நமக்குச் சுருக்கென்று வருவது இந்த வகையைச் சேர்ந்த உணர்வுதான். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே இடைவெளி விழுந்துவிட்டது என்று சொல்லி மூளை தன் வேலையைச் செய்கிறது. ராப் ரட்லெட்ஜ் என்ற ஆய்வாளர் 2014-இல் 18,000-க்கும் மேற்பட்டவர்களைச் செல்போன் விளையாட்டு ஒன்றை ஆட வைத்து, இடையிடையே இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதைவிட, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்ததா, குறைவாகக் கிடைத்ததா என்பதே அந்த நேரத்து மகிழ்ச்சியைத் தீர்மானித்தது.

இந்தச் சின்ன விஷயங்களை அறிவியல் நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் 1967-இல் வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் 43-ஐப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50. மாற்றம் நல்லதாக இருந்தாலும் அதற்குப் பழகுவதில் உடலுக்கு ஒரு செலவு இருக்கிறது என்பது அவர்கள் கண்ட பெரிய உண்மை. ஆனால் பெரும்பாலான நாட்களில் யாருக்கும் திருமணமும் நடப்பதில்லை, மரணமும் நிகழ்வதில்லை. சாவியைக் காணோம், விலைவாசி ஏறிவிட்டது, செய்ய வேண்டிய வேலைக்கு நேரம் போதவில்லை என்றுதான் நாள் போகிறது. கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் லாசரஸின் குழு இத்தகைய 117 தொல்லைகளைப் பட்டியலிட்டு, நடுவயதுக்காரர்கள் 100 பேரிடம் மாதந்தோறும் கேட்டுக் குறித்தது. 1981-இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. மனநலம் குன்றுவதற்கான அறிகுறிகளைக் கணிப்பதில், வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சிகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே துல்லியமாக இருந்தன. அதே குழு 135 சின்னச் சந்தோஷங்களையும் பட்டியலிட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

லாசரஸ் கேட்டது மாதம் ஒருமுறை. அமெரிக்காவில் டேவிட் அல்மெய்டா தொடங்கிய ஆய்வில் தொடர்ந்து எட்டு நாள் இரவில் தொலைபேசியில் அழைத்து, இன்று என்ன நடந்தது, எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். பத்தில் ஏறக்குறைய நான்கு நாட்களில் ஏதோ ஒரு தொல்லை இருந்தது. அவற்றில் அதிகம் வந்தது மற்றவர்களோடு ஏற்பட்ட வாக்குவாதமும் மனத்தாங்கலும்தான். பத்தாண்டுகள் கழித்து அதே மனிதர்களைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தொல்லை வந்த நாளில் மனம் அதிகமாகக் கலங்கியவர்களுக்கே பத்தாண்டுக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வந்திருந்தன. சூசன் சார்ல்ஸும் அல்மெய்டாவும் வேறு சிலரும் 2013-இல் இதை வெளியிட்டார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2018-இல் கேட் லெகர் இவர்களோடு சேர்ந்து செய்த அடுத்த ஆய்வு. அவர் பார்த்தது தொல்லை வந்த நாளை அல்ல, அதற்கு மறுநாளை. நேற்றைய எரிச்சல் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். அப்படி மறுநாளுக்கும் சுமந்து சென்றவர்களுக்குப் பத்தாண்டு கழித்து நாட்பட்ட நோய்களும், நடமாட்டத்திலும் அன்றாட வேலைகளிலும் சிரமங்களும் அதிகம் இருந்தன. முதல் நாள் எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடலியக்கம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆபத்து வந்தால் இதயம் வேகமெடுப்பதும், அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலை இரத்தத்தில் விடுவதும் நம்மைக் காப்பதற்கான ஏற்பாடு. ஆபத்து போனதும் அது அடங்கிவிட வேண்டும். நினைத்து நினைத்துப் பொருமும்போது, பேருந்து நடத்துநரோடு காலையில் நடந்த சில்லறைச் சண்டை இரவு பாயில் படுத்த பிறகும் முடியாமல் ஓடுகிறது. நடத்துநர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். உடல் மட்டும் இன்னும் அந்தப் பேருந்துக்குள் நிற்கிறது.

ஆகவே நல்ல மனப்பாங்கு என்பதை எரிச்சலே வராத நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எரிச்சல் வரும், வந்தே தீரும். எத்தனை நேரம் தங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஆய்வுகள் எல்லாம் என்னை இந்த இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

தங்குவதைக் குறைக்க எது உதவும்? டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1972-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு ஒரு வழி காட்டின. ஓர் அறையில் ஆட்களை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். தட்டச்சு இயந்திரம், நகலெடுக்கும் இயந்திரம், ஸ்பானிய மொழிப் பேச்சு, ஆர்மீனிய மொழிப் பேச்சு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து 108 டெசிபல் அளவில் இரைய விட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், சத்தம் இருந்தபோது எல்லோரும் சீக்கிரமே பழகிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்தார்கள். அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது சத்தம் நின்ற பிறகுதான். எப்போது வரும் என்றே தெரியாமல் வந்த சத்தத்தைக் கேட்டவர்கள், அடுத்துக் கொடுத்த கடினமான புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள். எழுத்துப்பிழை திருத்தும் வேலையில் தவறுகளைக் கவனிக்காமல் விட்டார்கள். சீரான இடைவெளியில் வந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைவு. இன்னொரு குழுவுக்கு மேசையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. அதே இரைச்சலை முழுதாகக் கேட்டார்கள். ஆனால் பிறகு வந்த புதிர்களோடு மற்றவர்களைவிடப் பல மடங்கு பொறுமையாக மல்லுக்கட்டினார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

வரிசையில் நிற்பதைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதியதும் இதோடு சேர்கிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பும், ஏன் என்று சொல்லப்படாத காத்திருப்பும் கடிகாரம் காட்டுவதைவிட நீளமாகத் தெரிகின்றன. 'முன்னால லாரி கவுந்து கெடக்கு, அரை மணி நேரம் ஆகும்' என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் பேருந்தின் முணுமுணுப்பு அடங்கிவிடும். பேருந்து வரும் நேரத்தைச் செல்போனில் பார்க்க முடிந்தால் நிறுத்தத்தில் நிற்பதன் பாரமே குறைகிறது. பேருந்து ஒரு நிமிடம்கூட முன்னதாக வருவதில்லை. மக்களின் மனநலத்துக்கு ஓர் அரசு அலுவலகமோ மருத்துவமனையோ செய்யக்கூடிய மிக மலிவான நல்ல காரியம், காத்திருப்பவர்களிடம் உண்மையான நேரத்தைச் சொல்வதுதான்.

தகவலும் கிடைக்காது, நிறுத்தும் பொத்தானும் இல்லை என்றால், மனத்துக்குள் ஒரு வழி இருக்கிறது. நடந்ததற்கு வேறு பொருள் கொடுத்துப் பார்ப்பது. கெவின் ஆக்ஸ்னரும் ஜேம்ஸ் கிராஸும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி அவற்றை வேறு விதமாக விளக்கிக்கொள்ளச் சொன்னார்கள். தேவாலய வாசலில் பெண்கள் அழுகிறார்கள் என்றால், அது சாவு வீடாக இருக்க வேண்டியதில்லை, திருமணத்தில் ஆனந்தக் கண்ணீராகவும் இருக்கலாம். அப்படி எண்ணிப் பார்த்தபோது மூளையின் முன்பகுதிகள் சுறுசுறுப்பாயின. அச்சத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய அமிக்டலாவின் வேகம் தணிந்தது. நம்மை இடித்துவிட்டுப் பறக்கும் பைக்காரன் மருத்துவமனைக்குப் போகிறவனாக இருக்கலாம் என்று நினைப்பது வெறும் பெருந்தன்மை இல்லை, மூளைக்குள் அளக்கக்கூடிய ஒரு செயல்.

முகத்தை மட்டும் சிரிக்க வைத்துக்கொள்வது இதற்கு நேர் எதிர். கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990-களில் செய்த ஆய்வுகளில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்த்தபடி உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது. அருவருப்பு குறையவில்லை. உடலைப் பதற்றத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள், அடக்காதவர்களைவிட இவர்களிடம் அதிகமாக முடுக்கப்பட்டிருந்தன. 'சிரிச்ச மூஞ்சியா இரு' என்று வீட்டுக்கு வந்த மருமகளிடமும் கடையில் நிற்கும் விற்பனைப் பெண்ணிடமும் சொல்பவர்கள், அந்த உடல்மீது ஒரு சுமையை ஏற்றுகிறார்கள்.

இங்கே ஓர் எல்லைக்கோடு வேண்டும். பொருளை மாற்றிப் பார்க்கும் திறமை எல்லா நேரத்திலும் நல்லது செய்வதில்லை. ஆலிசன் ட்ராயும் குழுவினரும் 2013-இல் கண்டது இது: நம் கையில் இல்லாத தொல்லையில் இந்தத் திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. ஆனால் மாற்றக்கூடிய தொல்லையில் இந்தத் திறமை மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. சரிசெய்ய வேண்டியதைச் சமாதானம் சொல்லித் தாங்கிக்கொண்டே இருந்தால் தொல்லை அப்படியே கிடக்கிறது.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பி.எஸ். 98 என்று ஒரு பள்ளி. அதன் ஒரு பக்கத்தில் உயர்பாலத்தில் ரயில் ஓடும். சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். அது கடக்கும்வரை ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஆண்டுக்கணக்காக எல்லோரும் இதற்குப் பழகியிருந்தார்கள். உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட், டென்னிஸ் மெக்கார்த்தியுடன் சேர்ந்து, ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்களை மறுபக்கத்து அமைதியான வகுப்புகளோடு ஒப்பிட்டார். ஆறாம் வகுப்பு வரும்போது ரயில் பக்கத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். 1975-இல் முடிவு வெளிவந்தது. பிரான்சாஃப்ட் அதோடு விடவில்லை. அதிகாரிகளை நச்சரித்தார். தண்டவாளத்தில் ரப்பர் மெத்தைகளும், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் தட்டிகளும் வந்தன. 1981-இல் மறுபடி ஒப்பிட்டபோது இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அளவில் வாசித்தார்கள்.

அந்தக் குழந்தைகளிடம் யாராவது 'ரயில் சத்தத்தையும் ரசிக்கப் பழகு' என்று சொல்லியிருந்தால்? நம் ஊரிலும் கூம்பு ஒலிபெருக்கிக்கும், பள்ளி வாசலில் அலறும் ஏர் ஹாரனுக்கும், நடக்க இடமில்லாத நடைபாதைக்கும் 'அனுசரிச்சுப் போங்க' என்ற பதில் தயாராக இருக்கிறது. அதைக் கேட்க நேர்பவர்கள் பெரும்பாலும் குரல் எடுபடாதவர்கள். மனத்தைச் சரிசெய்துகொள்ளும் அறிவியலை அவர்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. மனு கொடுப்பதும் புகார் எழுதுவதும்கூட நல்ல மனப்பாங்குதான். நிலைமை மாறும் என்று நம்புகிறவர்தானே மனு எழுதுகிறார்?

மாற்றங்களுக்கு வருவோம். தெரு ஒருவழிப்பாதையாகிவிட்டது, பழகிய மளிகைக் கடை மூடப்பட்டுவிட்டது, வழக்கமான பேருந்து வேறு வழியில் போகிறது. முதல் வாரம் இவையெல்லாம் எரிச்சல்தான். காரணம் பழையதுதான்: மூளை எழுதி வைத்திருந்த கணிப்பு செல்லாததாகிவிட்டது. புதியது கெட்டது என்பதால் அல்ல. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்று ராபர்ட் ஸாயான்ஸ் 1968-இலேயே காட்டிவிட்டார்.

லண்டனில் 2014 பிப்ரவரியில் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட நிலையங்கள் மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கானவர்கள் எரிச்சலோடு வேறு வழி தேடி அலுவலகம் போனார்கள். ஷான் லார்காம், ஃபெர்டினாண்ட் ராவ்ஹ், டிம் வில்லம்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் பயண அட்டைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறக்குறைய 5 விழுக்காட்டினர் பழைய வழிக்குத் திரும்பவில்லை. அந்த இரண்டு நாளில் அவர்களுக்கு மேலான வழி கிடைத்துவிட்டது. வழக்கமாகப் போய்வந்தவர்கள் இவர்கள். எது சிறந்த வழி என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு எத்தனையோ காலைகள் இருந்தன. லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடம் எளிதில் புரிவதற்காகத் தூரங்களைக் கொஞ்சம் மாற்றிக் காட்டுவது. அந்த மாற்றம் அதிகமாக இருந்த பகுதிகளில் வாழ்ந்தவர்களே புது வழியால் கூடுதல் பயனடைந்தார்கள்.

இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் மீதி 95 விழுக்காட்டினரும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வெறும் அலைச்சல்தான் மிச்சம். எல்லா இடைஞ்சலுக்கும் உள்ளே ஒரு பரிசு ஒளிந்திருக்கிறது என்று சொல்வது பொய். இருபதில் ஒருவருக்குக் கிடைக்கலாம், யாருக்கு என்று முன்னால் தெரியாது. பேருந்து தடம் மாறிய நாளில் ஜன்னல் வழியே ஒருமுறை வெளியே பார்ப்பதற்கு அந்த அளவு வாய்ப்பே போதும் என்று நினைக்கிறேன்.

தொல்லையே இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும்? சார்ல்ஸும் அல்மெய்டாவும் வேறு சிலரும் 2021-இல் இதையும் பார்த்தார்கள். தொலைபேசியில் எட்டு இரவும் பேசியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர், இந்த எட்டு நாளில் ஒரு தொல்லைகூட இல்லை என்றார். அவர்களின் மனம் தெளிவாக இருந்தது, நாட்பட்ட நோய்களும் குறைவு. ஆனால் நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதித்தபோது அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பெற்றார்கள். வயதில் எட்டு ஆண்டுக்கு மேல் கூடினால் வரக்கூடிய அளவு வித்தியாசம் அது. எது காரணம், எது விளைவு என்று இந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றையும் அவர்கள் குறித்து வைத்தார்கள். தொல்லை இல்லாதவர்களுக்கு அந்த எட்டு நாளில் நல்ல நிகழ்ச்சிகளும் குறைவாகவே இருந்தன. யாருக்கும் ஆறுதல் சொல்வதும், யாரிடமும் ஆறுதல் பெறுவதும் அவர்களிடம் குறைவு. வாக்குவாதம் செய்வதற்கு ஆள் இல்லாத வீட்டில், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆள் இருப்பதில்லை.